கள்ளத்தோணி: கரையிறங்க விடாத ஒரு சொல்

கடலையே பார்க்காத ஒரு பையனை யாராவது ‘தோணி’ என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்?

எங்களில் ஒருவருக்கு அது நடந்தது. நுவரெலியாவுக்குக் கீழே ஒரு தோட்டத்தில் பிறந்து, லயத்தில் வளர்ந்து, பத்தாம் வகுப்பு வரைக்கும் அந்த மலையை விட்டு இறங்காதவர். அதுவரை அவர் பார்த்த படகென்றால் கிரகரி வாவியில் சுற்றுலாக்காரர் மிதித்துக்கொண்டு போகும் படகுதான். ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் வாய்ச்சண்டை வந்தபோது எதிர் அணிப் பையன் ஒருவன் சிங்களத்தில் நாலு வார்த்தை திட்டினான். ஐந்தாவதாக ஒரு தமிழ்ச் சொல் வந்து விழுந்தது: “கள்ளத்தோணி.”

“எனக்கு மத்த நாலு வார்த்தையும் புரிஞ்சிச்சு. இதுதான் புரியல. வீட்டுக்கு வந்து அப்பாயிகிட்ட கேட்டேன். அது பதில் சொல்லல. கொழுந்துக் கூடையை எடுத்து வச்சிட்டுப் போயிருச்சு” என்றார் நண்பர்.

அப்பாயி சொல்லாமல் விட்ட பதிலைத் தேடித்தான் இந்தக் கட்டுரை. ஒரு சொல்லுக்கும் வரலாறு உண்டு. அது எங்கே பிறந்தது, யார் தூக்கிக்கொண்டு திரிந்தார்கள், யார் மேல் எறிந்தார்கள் என்று பார்த்தால், பல நேரம் அந்தச் சொல்லே தன்னை எறிந்தவருக்கு எதிராகச் சாட்சி சொல்லும். ‘கள்ளத்தோணி’ அப்படியான சொல்.

தோணி நல்ல சொல்தான்

முதலில் ‘தோணி’யைப் பார்ப்போம். மரத்தைத் தோண்டிச் செய்ததால் தோணி என்பது தமிழறிஞர்கள் தரும் விளக்கம். மலையாளத்திலும் அது தோணிதான். கன்னடத்திலும் துளுவிலும் ‘தோ³ணி’ என்று கொஞ்சம் அழுத்திச் சொல்வார்கள். தெலுங்கில் ‘தோ³னெ’. வடமொழியில் மரத்தொட்டிக்கும் ஓடத்துக்கும் வழங்கும் ‘த்ரோணி’யையும் இதோடு சேர்த்துப் பேசுவார்கள். மாலைதீவுக்காரர்கள் இன்றும் தங்கள் படகை ‘தோனி’ என்கிறார்கள். இந்தக் கரைகளில் வியாபாரம் செய்த ஆங்கிலேயர்கள் ‘டோனி’ என்று எழுதி வைத்தார்கள். ஒரு கடல் முழுக்கப் புழங்கிய சொல் இது.

கோவிலிலும் இந்தச் சொல் உண்டு. சீர்காழியின் பழைய பெயர்களில் ஒன்று தோணிபுரம். ஊழி வெள்ளத்தில் சிவன் தோணியில் வந்தார் என்பது தலபுராணம். அங்கே அவருக்குப் பெயர் தோணியப்பர். தூத்துக்குடியில் மரத்தில் கட்டிய பெரிய சரக்குக் கலங்களுக்கும் தோணி என்றுதான் பெயர்; கொழும்புக்கும் மாலைதீவுக்கும் அவை சாமான் ஏற்றி ஓடின. மட்டக்களப்பு வாவியில் மீன் பிடிக்கிறவருக்கும் தோணி அன்றாடச் சொல்.

ஆக, தோணியில் ஒரு குறையும் இல்லை. குறை முன்னால் ஒட்டிய ‘கள்ள’த்தில்தான். கள்ள நோட்டு, கள்ள வோட்டு, கள்ளச் சாராயம் வரிசையில் வந்தது கள்ளத்தோணி. அரசுக்குத் தெரியாமல் இரவோடு இரவாகக் கரை சேரும் தோணி. அவ்வளவுதான் அதன் நேர்ப்பொருள்.

ஆனால் இலங்கையில் இந்தச் சொல்லால் யாரும் தோணியைத் திட்டவில்லை. அதில் வந்ததாகச் சொல்லப்பட்ட மனிதரைத்தான் திட்டினார்கள். இலக்கண வகுப்பில் ஆகுபெயர் படித்திருப்பீர்கள். “ஊர் திரண்டது” என்றால் ஊரில் உள்ளவர்கள் திரண்டார்கள். அதே மாதிரி இங்கே கலத்தின் பெயர் ஆளுக்கு ஆகிவிட்டது. இது சின்ன விஷயம் இல்லை. தோணியில் வந்தவர் என்றால், அவர் ஒருநாள் வந்தார், கரையில் இறங்கினார், நடந்து போனார், வீடு கட்டினார் என்று கதை தொடரும். ஆளையே தோணி என்று சொல்லிவிட்டால் அவர் எங்கே இறங்குவது? அவர் பிள்ளையும் தோணி, பேரனும் தோணி. மலையில் பிறந்து கடலையே பார்க்காத எங்கள் நண்பரும் தோணி.

எப்படி வந்தார்கள்?

சரி, எங்கள் பாட்டன் பூட்டன்மார் உண்மையில் கள்ளத்தோணியில்தான் வந்தார்களா?

1820களில் கம்பளைப் பக்கம் ஜோர்ஜ் பேர்ட் என்ற வெள்ளைக்காரர் கோப்பித் தோட்டம் போட்ட காலத்திலிருந்து தென்னிந்தியத் தொழிலாளர் வருகையைச் சொல்வது வழக்கம். கோப்பிக் காலத்தில் பெரும்பாலானோர் வந்தது வடபாதையால். இராமநாதபுரக் கரையிலிருந்து பாய்க்கப்பலிலும் தோணியிலும் ஏறி மன்னார்ப் பக்கம் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கு நடை. ஏறத்தாழ 150 மைல். வாந்திபேதி, காய்ச்சல், தண்ணீர் இல்லாமை என்று பாதையோரத்திலேயே விழுந்தவர்கள் பலர்.

கவனியுங்கள். அவர்கள் தோணியில் வந்தார்கள், உண்மை. ஆனால் அதில் கள்ளம் எங்கே? இந்தியாவும் இலங்கையும் ஒரே பிரிட்டிஷ் முடியின் கீழ் இருந்த காலம். குறுக்கே பாஸ்போர்ட்டும் கிடையாது, விசாவும் கிடையாது. வரச்சொன்னவர் துரை, கூட்டி வந்தவர் கங்காணி, பாதையைக் கவனித்தது அரசாங்கம். தோட்டத்துரைமார் தமிழ்நாட்டையே ‘கோஸ்ட்’, அதாவது ‘கரை’ என்றுதான் சொன்னார்கள். கங்காணி ஆள் பிடிக்கப் போனால் “கோஸ்டுக்குப் போயிருக்கிறார்” என்பார்கள். ஆளைக் கூட்டிவர முன்கூட்டியே கொடுத்த பணம் ‘கோஸ்ட் அட்வான்ஸ்’. அந்தப் பணம் தொழிலாளி தலையில் கடனாக ஏறும். ஆக, கப்பல் ஏறுகிறபோதே கணக்குப் புத்தகத்தில் பெயர் ஏறிவிட்டது.

1890களின் கடைசியில், இந்தியாவில் பிளேக் பரவியபோது, வடபாதை மூடப்பட்டது. போக்குவரத்து தூத்துக்குடி–கொழும்புக் கப்பலுக்கு மாறியது. 1900களின் தொடக்கத்தில் தகர டிக்கெட் முறை வந்தது. சின்னத் தகரத் துண்டு. அதில் எண் அடித்திருக்கும். தோட்டத்தைக் காட்டும் எண்ணும் அதில் உண்டு. கயிற்றில் கோத்து உடம்பில் கட்டிக்கொண்டு வர வேண்டும். அந்தத் தகரத்தைக் காட்டினால் ரயிலும் கப்பலும் ஏற்றிக்கொள்ளும். செலவைத் தோட்டத்தின் கணக்கில் எழுதும். 1904இல் தோட்டத்துரைமார் ஆள்திரட்டுவதைக் கவனிக்கவே திருச்சிராப்பள்ளியில் இலங்கைத் தொழில் ஆணையம் என்று ஓர் அலுவலகம் திறந்தார்கள்.

1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் சேவையும் தொடங்கின. அதற்குப் பிறகு மண்டபம் முகாம்தான் வாசல். இந்திய மண்ணில் இருந்தாலும் அந்த முகாமை நடத்தியது இலங்கை அரசாங்கம். வந்தவர்களைச் சில நாள் தடுத்து வைத்து, அம்மைப்பால் குத்தி, நோய் இருக்கிறதா என்று பார்த்து, பெயர் பதிந்து, எந்தத் தோட்டம் என்று எழுதி அனுப்பினார்கள். தலைமன்னாரில் இறங்கினால் கோச்சி காத்திருக்கும். மதவாச்சி, மாகோ, பொல்கஹவெல தாண்டி மலையேறி அட்டனிலோ நானுஓயாவிலோ இறக்கிவிடும்.

தோட்டத்துக்கு வந்த பிறகும் ஏடு விடவில்லை. பேர் பதிவு, பிரட்டுக் களத்தில் தினமும் பேர் கூப்பிடுவது, செக்ரோல். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக ‘துண்டு’ வேண்டும். இன்ன கடனைக் கட்டினால் இவரை விட்டுவிடுகிறோம் என்று எழுதிய கடுதாசி அது. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

இத்தனையையும் அடுக்கிப் பார்த்தபோது எங்களுக்கு ஒன்று விளங்கியது. அந்தக் காலத்து இலங்கையில், எங்கள் ஆட்கள் அளவுக்கு எண்ணி, எழுதி, முத்திரை குத்தி, ஊசி போட்டுக் கொண்டுவரப்பட்ட கூட்டம் வேறொன்று இருந்திருக்க முடியாது. கழுத்தில் தகரம் கட்டி வந்தவரின் பேரனுக்கா கள்ளத்தோணி என்று பெயர்?

கள்ளம் எப்போது வந்தது?

சட்டம் இல்லாத இடத்தில் கள்ளம் இல்லை. ஆகவே சட்டம் எப்போது வந்தது என்று பார்க்க வேண்டும்.

1939இல் இலங்கை அரசாங்கம் தன் திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை விலக்கத் தொடங்கியது. பேச்சு நடத்த நேரு ஜூலை மாதம் இலங்கைக்கு வந்தார்; அவர் வந்த வேளையில்தான் இலங்கை இந்திய காங்கிரஸ் பிறந்தது. பேச்சு பலிக்கவில்லை. இந்திய அரசாங்கம் 1939 ஆகஸ்ட் 1 முதல் சாதாரணத் தொழிலாளர் இலங்கைக்குப் போவதைத் தடை செய்தது. நூறு வருஷத்துக்கு மேல் திறந்து கிடந்த வாசலில் முதல் தாழ்ப்பாள் அது. சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கை தன் பக்கக் கதவையும் சாத்தியது. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பிறகுதான் பாக்கு நீரிணையைத் தோணியில் கடப்பது சட்டப்படி குற்றமானது.

அப்படிக் கடந்தவர்கள் இருந்தார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை. ஒரு கரையில் சொந்த நிலமும் மறு கரையில் வேலையும், இங்கே பெண்டாட்டியும் அங்கே தாயும் என்று வாழ்ந்த ஜனங்களுக்கு நடுவே திடீரென்று கோடு போட்டால் சிலர் இரவில் கடக்கத்தான் செய்வார்கள். பிழைப்புத் தேடிப் புதிதாக வந்தவர்களும் உண்டு. 1952இல் இராணுவம் ‘ஒப்பரேஷன் மொண்டி’ என்ற பெயரில் வடக்குக் கரைகளில் காவல் போட்டது. 1963இல் அது தனி அதிரடிப் பிரிவாகவே விரிந்தது. ஆங்கிலக் கோப்புகளில் ‘இல்லிசிட் இமிகிரண்ட்’ என்று எழுதப்பட்டவரே மக்கள் வாயில் கள்ளத்தோணி.

சொல் அந்தச் சிலரோடு நின்றிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை. நிற்கவில்லை. ஏனென்றால் அதே நேரத்தில் மலையில் இன்னொரு சட்டம் வேலை செய்துகொண்டிருந்தது.

1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் 7 பேர் பாராளுமன்றம் போனார்கள். நுவரெலியாவிலிருந்து தொண்டமான், தலவாக்கலையிலிருந்து எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை என்று வரிசையாக. மறு வருஷமே, 1948 நவம்பர் 15இல், 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தது மட்டும் போதாது. தகப்பனும் இங்கே பிறந்தார் என்று நிரூபிக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பனைப் பெற்றவரும் அவரைப் பெற்றவரும் இங்கே பிறந்தார்கள் என்று நிரூபிக்க வேண்டும். லயத்துக் காம்பராவில் யார் பாட்டனின் பிறப்புச் சான்றிதழை வைத்திருந்தார்? தோட்டம் எண்ணி வைத்ததெல்லாம் கூலிக்கும் கடனுக்கும்தான். பிரஜை என்று காட்டுவதற்கு அந்த ஏடுகள் உதவவில்லை.

1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் குடியுரிமைச் சட்டம் என்று ஒரு சின்னக் கதவைத் திறந்தார்கள். 1946 ஜனவரி 1க்கு முன் கல்யாணமானவர் 7 வருஷம், ஆகாதவர் 10 வருஷம் தொடர்ந்து இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே தடவையில் 12 மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அந்தத் தொடர்ச்சி அறுந்துபோகும். சாவு வீட்டுக்கோ நிலத் தகராறுக்கோ கப்பலேறி ஊருக்குப் போய், நோயில் படுத்து ஒரு வருஷம் தாண்டித் திரும்பியவர் கணக்கில் விடுபட்டார். முறையாக டிக்கெட் எடுத்துப் போன கப்பல் பயணமும் அவருக்கு எதிராகவே போனது. 8 லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பித்ததில் ஏறத்தாழ 1,34,000 பேருக்கே குடியுரிமை கிடைத்தது. வாக்கும் 1949இலேயே பறிபோனது. 1952 தேர்தலில் முன்பிருந்த 7 பேரில் ஒருவர்கூட இல்லை.

இப்போது இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கடற்கரையில் ‘சட்டவிரோதமாக வந்தவர்’ என்று ஒரு கூட்டம். மலையில் ‘எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்’ என்று இன்னொரு கூட்டம். இரண்டும் வேறு வேறு. ஆனால் இரண்டு பேரும் பேசுவது தமிழ், இரண்டு பேரிடமும் கடுதாசி இல்லை. கடற்கரைக்குச் செய்த சொல் அப்படியே மலையேறிவிட்டது.

யார் வாயில்?

சிங்களத்தில் கள்ளனுக்கு ‘ஹொர’ என்ற சொல் உண்டு. படகுக்கு ‘ஒருவ’ உண்டு. வேண்டுமென்றால் சொந்தமாக ஒரு வசைச் சொல்லைக் கட்டியிருக்கலாம். ஆனால் ‘கள்ளத்தோணி’ என்ற தமிழ்ச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பொருள் புரிய வேண்டியதில்லை. அந்நியமாக ஒலித்தால் போதும்.

சிங்களவரை மட்டும் குறை சொல்லி முடித்துவிட்டால் அது நேர்மையில்லை. இந்தச் சொல் தமிழர் வாயிலிருந்துதான் போனது. வடக்கிலும் கொழும்பிலும் ‘தோட்டக்காட்டான்’ என்று சொன்ன வாய்கள் இதையும் சொல்லியிருக்கின்றன. 1948 சட்டத்துக்குப் பாராளுமன்றத்தில் எதிர்த்து வாக்களித்த தமிழரும் சிங்கள இடதுசாரிகளும் இருந்தார்கள். ஆதரவாகக் கை தூக்கிய தமிழரும் இருந்தார்கள். அதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

கப்பல் திரும்பியது

1964 அக்டோபர் 30இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்ற 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரிக்கப்பட்டவர்களிடம் இரண்டு தடவையும் யாரும் கேட்கவில்லை.

ஒப்பந்தம் போட்ட இரண்டாம் மாதம், 1964 டிசம்பரில், புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதனால் திரும்பிப் போனவர்கள் தலைமன்னாரிலிருந்து ‘இராமானுஜம்’ கப்பலில் இராமேஸ்வரத்துக்குப் போனார்கள். அட்டனிலும் தலவாக்கலையிலும் அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலை வைத்த பெயர் ‘ஒப்பாரிக் கோச்சி’. ஸ்டேசனில் ஒரு குடும்பத்தை ஏற்றிவிட இரண்டு தோட்டம் வந்து அழும். அக்கா அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். 1946இல் நாட்டின் சனத்தொகையில் நூற்றுக்கு 11.7 ஆக இருந்த இந்த மக்கள் 1981இல் 5.5 ஆகக் குறைந்தார்கள்.

இறங்கிய இடம் மறுபடியும் மண்டபம். ஒரு காலத்தில் பாட்டனுக்கு ஊசி போட்டு அனுப்பிய அதே முகாம் பேரனைத் திரும்ப வாங்கிக்கொண்டது. 1983க்குப் பிறகு அதே மண்டபம் போர் அகதிகளின் முகாமும் ஆனது. அவர்களில் பலர் உண்மையாகவே இரவில் படகேறி வந்தவர்கள். கூடலூரிலும் கோத்தகிரியிலும் குடியேறிய எங்கள் ஆட்களுக்கு அங்கே கிடைத்த பெயர் ‘சிலோன்காரன்’. இங்கே இந்தியாக்காரன், அங்கே சிலோன்காரன். அதாவது, நடுக்கடல்.

சொல்லை என்ன செய்வது?

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்றவர் பிரச்சினை சட்டப் புத்தகத்தில் பெரும்பாலும் தீர்ந்தது. எங்கள் தலைமுறைக்கு அடையாள அட்டை இருக்கிறது, வாக்கு இருக்கிறது. ஆனால் காணி உறுதி எல்லோருக்கும் இல்லை; இன்னும் எத்தனையோ குடும்பம் தோட்டத்துக்குச் சொந்தமான லயத்தில்தான். கிரிக்கெட் மைதானத்தில் அந்தச் சொல்லும் இன்னும் இருக்கிறது. சட்டத்தை ஒரு வாக்கெடுப்பில் மாற்றலாம், வசவை அப்படி மாற்ற முடியாது.

2023 ஜூலை 28இல் தலைமன்னாரில் ஒரு கூட்டம் நடக்கத் தொடங்கியது. மலையக மக்கள் வந்து 200 வருஷமானதை நினைவுகூர, பாட்டன்மார் நடந்த அதே திசையில் மாத்தளை வரைக்கும் 16 நாள் நடை. நடந்தவர்களில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் இருந்தார்கள். எங்களுக்கு அது ஊர்வலம் மட்டுமாகத் தெரியவில்லை. தோணியிலேயே நிறுத்தி வைக்கப்பட்ட மக்கள் கடைசியாக ஒருதடவை, எல்லோரும் பார்க்க, கரையிறங்கி நடந்தது மாதிரி இருந்தது.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறோம். வீட்டில் பழைய டிரங்குப் பெட்டி இருந்தால் ஒருதடவை திறந்து பாருங்கள். ஒரு செக்ரோல் துண்டு, ஒரு கப்பல் டிக்கெட், பிரஜாவுரிமைக்கு எழுதி நிராகரிக்கப்பட்ட ஒரு கடிதம், எது கிடைத்தாலும் படம் எடுத்து வையுங்கள். அது எந்தத் தோட்டம், எந்த வருஷம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கம்பளைப் பக்கம் ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில் ஒரு பழைய லயத்தையே தொழிலாளர் அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள்; நேரம் கிடைத்தால் போய்ப் பாருங்கள்.

எங்கள் நண்பர் போன மாதம் அப்பாயியிடம் மறுபடி கேட்டார். இந்தத் தடவை அவரே முதலில் சொன்னாராம்: தகர டிக்கெட், மண்டபம், அம்மைப்பால், கோச்சி, எல்லாவற்றையும். அப்பாயி கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னது இதுதான்: “எங்கப்பாவுக்கு அந்த ஊசி குத்துன தழும்பு கையில சாகுற வரைக்கும் இருந்துச்சுடா. அதைக் காட்டியிருக்கலாம் அவனுகளுக்கு.”